அதிர்ஷ்டமா, ஆண்டவரின் பராமரிப்பா? புனித யோசேவாஸ் அடிகளாரின் வாழ்வு



களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்திருப்பதனால் நம் ஊருக்கு முகத்துவாரம் என்று பெயர். இங்கே கடலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரே நாளில், ஒரே காற்றில், அருகருகே போன இரண்டு வள்ளங்களில் ஒன்று மீன் நிறைந்து கரை சேரும். மற்றது வெறுமையாகத் திரும்பும். நிறைந்து வந்தவரை அதிர்ஷ்டசாலி என்கிறோம். வெறுமையாக வந்தவருக்கு நேரம் சரியில்லை என்கிறோம். சந்தியில் லொத்தர் சீட்டு விற்பவரிடம் நின்று இராசியான எண்ணைத் தேடுகிறோம். பிள்ளையின் காரியம் கைகூடாவிட்டால் தலைவிதி என்று நெற்றியைத் தொடுகிறோம். ஞாயிறு திருப்பலியில் எல்லாம் வல்ல தந்தையை விசுவசிப்பதாக அறிக்கையிடும் அதே வாய்தான் இவற்றையும் சொல்கிறது.

இவையெல்லாம் வாய்ப்பழக்கம், பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால், இந்தப் பேச்சு நம்மைச் சுட்ட நாள் ஒன்றும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று எழும்பப் பிந்தியதால், பஸ் தவறியதால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால் கோவிலுக்குப் போகாமல் உயிர் தப்பியவர்கள் நம் பகுதியில் உண்டு. ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார் என்று அவர்கள் நன்றியோடு சொன்னார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் நேரத்தோடு எழும்பி, பிள்ளைகளுக்குப் புத்தாடை உடுத்தி, முன்வரிசையில் போய் இருந்தவர்களை ஆண்டவர் கைவிட்டாரா? பக்கத்து வீட்டில் ஒரு தாய் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்றால், அவள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்?

இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, நம் நாட்டின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசேவாஸ் அடிகளாரின் வாழ்வைச் சற்றே திரும்பிப் பார்ப்போம், வாருங்கள். அவருடைய வாழ்வு தற்செயல்கள் நிறைந்த வாழ்வு. தப்பியவராகவும் அவர் இருந்தார், அகப்பட்டவராகவும் இருந்தார்.

மூடிய கதவு

அவர் பிறந்தது இந்தியாவின் கோவாவில், பெனோலிம் எனும் ஊரில், 1651 ஏப்ரல் 21ஆம் நாள். இந்தத் தேதியைக் கண்டதும் உங்கள் கண் ஒரு கணம் நின்றிருக்கும். அதைப் பற்றிப் பின்னர் பேசுவோம். கொங்கணி பேசும் பக்தியுள்ள குடும்பம். கோவாவில் இயேசு சபையாரிடமும், பின்னர் தொமினிக்கன் சபையாரின் புனித தோமஸ் அக்குவினாஸ் கல்லூரியிலும் படித்து, 1676இல் குருவானார். மறு ஆண்டு, தம்மை அன்னை மரியாளின் அடிமையாக ஒப்புக்கொடுக்கும் பத்திரம் ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டார். அடிமைக்குத் தன் நாளைய தினத்தைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை இல்லை. அந்த எழுத்தின் பொருளைப் பிற்காலம் அவருக்குக் கற்பித்தது.

அந்நாட்களில் இலங்கையின் நிலை என்ன? ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். கத்தோலிக்க குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவானவரை மறைத்து வைப்பவருக்கு மரண தண்டனை என்று சட்டம் பிறந்தது. திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, அவஸ்தைப்பூசுதல் இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் செபமாலையை மட்டும் பிடித்துக்கொண்டு விசுவாசத்தைக் காத்தனர்.

இந்தச் செய்தி கோவாவில் இருந்த இளம் குருவின் காதில் விழுந்தது. தம்மை இலங்கைக்கு அனுப்புமாறு கேட்டார். மேலிடம் அனுப்பவில்லை. 1681இல் அவரை இந்தியாவின் கனரா நாட்டு மங்களூர்ப் பகுதிக்கு அனுப்பியது. நாமாக இருந்தால் நம் இராசிக்கு எதுவும் நடக்காது என்று சலித்திருப்போம். அவர் பணிந்து போனார். அங்கே மூன்று ஆண்டுகள் சிதறிக் கிடந்த கத்தோலிக்கரைத் தேடிச் சேர்த்தார். ஆலயங்களும் பள்ளிகளும் எழுப்பினார். ஆயனில்லாத மந்தையைத் தேடிச் சேர்க்கும் தொழிலை அவர் அங்கேதான் பழகினார். பின்னாளில் இலங்கையில் அவருக்குத் தேவைப்பட்டது அந்தத் தொழில்தான். கதவு மூடியபோது அவருக்கு அது தெரியாது. அவர் அதை ஒரு சகுனமாக எண்ணவும் இல்லை. தரப்பட்ட வேலையைச் செய்தார்.

கஞ்சி கொடுத்த கை

1685இல் கோவாவில் சில குருக்கள் கூடி வாழத் தொடங்கிய ஒறற்றோரியன் குழுவில் சேர்ந்தார். அவரையே தலைவராக்கினார்கள். மறு ஆண்டே அப்பதவியைத் துறந்து, யோவான் எனும் பணியாளை அழைத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டார். தூத்துக்குடியை அடைந்து, குருவின் அங்கியைக் களைந்து, கூலிக்காரனைப் போலக் கந்தை உடுத்தி, 1687இல் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

பயணத்தின் கொடுமை அவரைக் கடும் வயிற்றுளைவு நோயில் தள்ளியது. தொற்றுநோய் என்று அஞ்சி மக்கள் விலகினர். இரக்கமுள்ள ஒரு பெண் கொடுத்த கஞ்சியால் அவர் உயிர் பிழைத்தார் என்று வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். வாசகரே, இங்கே சற்று நில்லுங்கள். முப்பது ஆண்டுகளாகக் குருவின்றித் தவித்த நாட்டுக்கு வந்த ஒரே குரு, ஒரு கோப்பைக் கஞ்சியில் தங்கியிருந்தார்! அந்தப் பெண் அந்த அந்நியன் யார் என்று அறிந்து கொடுக்கவில்லை. பசித்தவனுக்குக் கொடுத்தாள். தேவ பராமரிப்பு என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது, அன்று ஒரு பெண்ணின் கை வழியாக வந்தது. அவள் பெயர்கூட நமக்கு வரவில்லை.

நோய் நீங்கியபின், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். மாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர் கத்தோலிக்கர் என்று அறிந்தார். இப்படியே சில்லாலை மக்களின் அடைக்கலம் கிடைத்தது. இரவில் திருப்பலி, பகலில் மறைவு என்று இரண்டாண்டுகள் கழிந்தன.

தப்பியவரும் அகப்பட்டவரும்

1689ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் காலம். யாழ்ப்பாணத்தில் இரகசியமாகத் திருவிழாவுக்குக் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்தரின் படைவீரர் சுற்றி வளைத்தனர். பெருந்தொகையானோர் பிடிபட்டனர். அவர்களுள் எட்டு ஆண்களுக்குக் கொடிய தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவர் கசையடியிலேயே உயிர் துறந்தார். மற்றவர்கள் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். எல்லாரும் தேடிய யோசேவாஸ் அடிகளார் மட்டும் அகப்படவில்லை.

கொச்சிக்கடை எழுப்பிய அதே கேள்வி இங்கேயும் எழுகிறது. குரு தப்பினார், அவரை நம்பி வந்த எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டனர். குருவுக்கு அதிர்ஷ்டம், அவர்களுக்குத் துரதிர்ஷ்டம் என்று சொல்வதா? அல்லது ஆண்டவர் குருவை அதிகம் நேசித்தார், அந்த எட்டுப் பேரைக் குறைவாக நேசித்தார் என்பதா? இரண்டும் கிறிஸ்தவனின் பதில்கள் அல்ல.

நம் ஆண்டவரிடமே இப்படியொரு கேள்வி வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தியை லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் மறுத்துவிட்டார். கேட்டவர்களின் பக்கம் திரும்பி, அவர்களுடைய வாழ்வைச் சீர்திருத்தச் சொன்னார். செத்தவர் ஏன் செத்தார் என்ற கணக்கை நம் கையில் அவர் தரவில்லை. உயிரோடு இருப்பவன் தன் நாளை என்ன செய்யப் போகிறான் என்ற பொறுப்பைத் தந்தார்.

யோசேவாஸ் அடிகளாரின் வாழ்வும் இதையே காட்டுகிறது. தப்பியதைப் பெருமையாக வைத்துக்கொண்டு அவர் கோவாவுக்குத் திரும்பவில்லை. 1690இல் புத்தளம் சென்று அங்கே ஒல்லாந்தரின் பிடிக்கு வெளியே கண்டி அரசனின் ஆட்சியில் இருந்த கத்தோலிக்கரைத் தேடினார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இந்தத் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. தமக்கு எஞ்சிய உயிரை, தமக்காக அடிபட்டவர்களின் திருச்சபைக்குக் கடன் பட்ட உயிராகவே செலவிட்டார்.

சிறையும் மழையும்

1692இல் அவர் கண்டிக்குப் போனார். அங்கே அகப்பட்டவராகும் முறை அவருக்கு வந்தது. அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த, கத்தோலிக்கத்தை வெறுத்த ஒரு பிரெஞ்சுக்காரர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று காட்டிக்கொடுத்தார். அடிகளார் காவலில் வைக்கப்பட்டார். அங்கே இருந்தபடியே சிங்களம் கற்றார். காவல் தளர்ந்ததும் ஒரு கொட்டில் கட்டி அதில் திருப்பலி நிறைவேற்றினார். கண்டியில் மறைந்திருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக அங்கே வந்து சேர்ந்தனர்.

பின்னர் கண்டியில் கடும் வரட்சி ஏற்பட்டது. அடிகளார் திறந்த வெளியில் பீடம் அமைத்துச் செபித்தார், பெருமழை பெய்தது, அவரும் பீடமும் நனையவில்லை என்று மரபு கூறுகிறது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனின் மனம் அவர்பால் திரும்பியது. நாடெங்கும் போய்வர அனுமதி கிடைத்தது.

மழை பெய்விப்பவர் என்ற பெயரோடு அரண்மனை நிழலில் சுகமாக இருந்திருக்கலாம் அல்லவா? இராசியான சாமியார் என்று மக்கள் அவரைச் சுற்றியிருப்பார்கள். 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது அவர் எப்படிப்பட்டவர் என்பது வெளிப்பட்டது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு நீங்கினர். நோயாளரை உறவினரே காட்டில் விட்டுப் போயினர். அடிகளாரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருமகனான யோசேப் கர்வாலோ அடிகளாரும் அங்கேயே தங்கினர். கொட்டில்கள் அமைத்தனர், சீழும் நாற்றமும் பாராமல் கழுவினர், உணவூட்டினர், இறந்தவரை அடக்கம் செய்தனர். கத்தோலிக்கர், பௌத்தர் என்று பேதம் பார்க்கவில்லை. வைசூரி யாரைத் தொடும், யாரை விடும் என்று எவரும் அறியாத காலம் அது. தமக்கு வராது என்ற உறுதி அவருக்கும் இல்லை. அவர் இறைவனை நம்பினார் என்பதன் பொருள், தமக்கு ஒன்றும் நேராது என்று நம்பினார் என்பதல்ல. எது நேர்ந்தாலும் இறைவனின் கையை விட்டு விழமாட்டேன் என்று நம்பினார் என்பதே.

கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஞான நூல்கள் நம் முன்னோரின் வீடுகளில் விளக்காய் நின்றன. யோசேவாஸ் அடிகளார் ஒருமுறையேனும் தாயகம் திரும்பாமல், 24ஆம் ஆண்டில், 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர் நீத்தார். வயது 59. அவரை அடக்கம் செய்த இடம் இன்று துல்லியமாகத் தெரியாது. 1995 ஜனவரி 21இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறுபெற்றவராக உயர்த்தினார். 2015 ஜனவரி 14இல் அதே திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது புதுமைக்குக் காத்திராமலே அது நடந்தது. அவருடைய வாழ்வே போதிய சாட்சியாயிற்று.

நமக்கு என்ன பாடம்?

முதலாவது, தற்செயல் என்று ஒன்று உண்டா? அடிகளார் படித்த கல்லூரிக்குப் பெயர் தந்த புனித தோமஸ் அக்குவினாஸ் ஒரு உவமை காட்டுகிறார். ஒரு தலைவர் தம் ஊழியர் இருவரை, ஒருவருக்கு மற்றவர் போவது தெரியாமல், ஒரே இடத்துக்கு அனுப்புகிறார். சந்தித்தவர்களுக்கு அது தற்செயல். அனுப்பியவருக்கு அது தற்செயலல்ல. ஆகவே பஸ் தவறுவதும், வலையில் மீன் படுவதும் நம் பார்வையில் தற்செயலாகவே இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு இரகசியச் செய்தி இருக்கிறது என்று தேடித் திரிய வேண்டியதில்லை. ஒன்றும் தந்தையின் அறிவுக்கும் அன்புக்கும் வெளியே இல்லை என்று அறிந்தால் போதும்.

அந்த ஏப்ரல் 21ஐயும் அப்படியே பாருங்கள். நம் புனிதரின் பிறந்த நாளும் நம் துயர நாளும் ஒன்றாக அமைந்தன. அதைத் தீய சகுனமென்று அஞ்சுவதும் தவறு, மறைபொருள் தேடிக் கணக்குப் போடுவதும் தவறு. ஆனால், அந்த நாளில் மாண்டவர்களுக்காக மெழுகுதிரி ஏற்றும்போது, அடிபட்ட திருச்சபைக்காகவே வாழ்ந்த ஒருவரின் மன்றாட்டையும் கேட்பது நல்லது.

இரண்டாவது, தீமையைக் கடவுளின் தலையில் கட்டாதீர்கள். குண்டு வைத்தவனைக் கடவுள் அனுப்பவில்லை. மனிதனுக்கு அவர் தந்த சுயாதீனத்தை மனிதன் கொலைக்குப் பயன்படுத்தினான். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறினார்கள் என்று, அன்று பொறுப்பிலிருந்தோர்மீது நம் உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்து, நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. மனிதர் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் தலைவிதி என்றோ தேவ சித்தம் என்றோ சொல்லி மூடிவிட்டால், நீதி கேட்கும் தாய்மாருக்கு நாம் துரோகம் செய்கிறோம்.

மூன்றாவது, அதிர்ஷ்டத்தைத் தேடி ஓடும் பழக்கம். நாள் பார்ப்பதும், குறி கேட்பதும், நாளையை அறிந்து அதை நம் கைக்குள் அடக்கும் ஆசையிலிருந்து பிறக்கின்றன. அதனாலேயே திருச்சபை அவற்றை விலக்குகிறது. புனிதரின் சுரூபத்தையும் பதக்கத்தையும் தாயத்தைப் போல அணிவதும் அதே தவறுதான். சூதும் சீட்டும் தம்மளவில் நீதிக்கு மாறானவை அல்ல, ஆனால் தனக்கும் தன் வீட்டாருக்கும் வேண்டிய வாழ்வாதாரத்தைப் பறிக்கும்போது அவை ஒழுக்கத்துக்கு ஒவ்வாதவை என்று 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. பிள்ளையின் பால்மாவுக்கான காசு லொத்தர் சீட்டாக மாறும் வீட்டில் அந்த எல்லை தாண்டப்பட்டுவிட்டது. குடும்பத் தலைவர்களே, உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள்.

கடைசியாக, தப்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றி சொல்லுங்கள். ஆனால் உங்களை மட்டும் ஆண்டவர் தேர்ந்தெடுத்தார் என்பதுபோலச் சொல்லாதீர்கள். சிலுவையில் தொங்கிய திருமகனை எவரும் அந்த வேளையில் தப்புவிக்கவில்லை. தந்தைக்கு அவர்மீது அன்பில்லாமற் போகவுமில்லை. உயிர்ப்பு அதற்கப்பால் இருந்தது. யாழ்ப்பாணத்தில் தண்டிக்கப்பட்ட அந்த எட்டுப் பேரும், கொச்சிக்கடையில் வீழ்ந்த நம் சகோதரரும் அந்த உயிர்ப்பின் பக்கமாகவே போயிருக்கிறார்கள் என்பது நம் நம்பிக்கை. உங்களுக்கு எஞ்சிய நாள் பரிசு மட்டுமல்ல, அது ஒரு வேலை. அந்த வேலை பெரும்பாலும் பக்கத்து ஒழுங்கையிலேயே இருக்கும். இழந்த வீட்டின் படியேறி, விளக்கம் ஒன்றும் சொல்லாமல், ஒரு பொழுது கூட இருந்துவிட்டு வாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளையின் பாடசாலைச் செலவைப் பாருங்கள்.

நாளைக் காலையும் முகத்துவாரத்தில் ஒரு வள்ளம் நிறைந்து வரும், மற்றொன்று வெறுமையாக வரும். ஏன் என்று நமக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் நிறைந்த வள்ளத்திலிருந்து வெறும் வள்ளத்துக்காரர் வீட்டுக்கு ஒரு கூடை மீன் போகுமானால், அன்று அந்த வீட்டில் கஞ்சி கொடுத்த அந்தப் பெண்ணின் கை மறுபடியும் நீண்டது என்று அறிந்துகொள்ளுங்கள். தேவ பராமரிப்பு நம் கைகளையே கேட்கிறது.

புனித யோசேவாஸ் அடிகளாரே, எங்களுக்காக மன்றாடும்.